‘நானா இறங்கச் சொன்னேன்?’ – ஒரு சூப்பர்வைசரின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 34, மெக்கானிக்கல் டிப்ளமோ. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்துள்ள கம்பெனியின் சூப்பர்வைசர். நாலு வருடம் ஏழு மாதமாக அங்கே இருக்கிறார். சம்பளம் 27,000 ரூபாய். ஊரில் கட்டிய வீட்டுக்கு மாதம் 11,500 கடன் தவணை போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மனைவி இரண்டாவது முறை கர்ப்பம், தங்கை கல்யாணத்துக்கு வைத்த நகை இன்னும் வங்கியில் இருக்கிறது.

குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், அதாவது எஸ்.டி.பி.யில், கழிவு வந்து சேரும் தொட்டி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. லாரி வரவழைத்தால் செலவு என்று கம்பெனி மேனேஜர் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு பேரை அழைத்து வருகிறார். ஆளுக்கு 1,500 ரூபாய். கயிறும் வாளியும்தான் கருவி. ஐந்து வாரங்களுக்கு முன் ஒருவர் தொட்டிக்குள் தடுமாறி விழப்போக, மேலே இருந்தவர் கயிற்றால் இழுத்து எடுத்திருக்கிறார். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தவர், கடிதம் எழுதிய இந்த வாசகர். “கால் மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். டீ கேட்டார். மேனேஜர் லாக்புக்கில் எதுவும் எழுதாதே என்றார். நானும் எழுதவில்லை” என்கிறார்.

அதற்குப் பிறகு, “என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்” என்று அச்சடித்த தாளில் அந்த இருவரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியாக வாசகரும் கையெழுத்து போட வேண்டுமாம். கூடவே, வரும் ஏப்ரலில் அவரையே மேனேஜர் ஆக்குவதாகவும் 36,000 சம்பளம் தருவதாகவும் பேச்சு. அன்று இரவு எடுத்த நாற்பது விநாடி வீடியோ அவர் போனில் இருக்கிறது. “நானா அவர்களை இறங்கச் சொன்னேன்? என் குடும்பத்தைப் பார்ப்பதா, நியாயத்தைப் பார்ப்பதா? கையெழுத்து வாங்கிவிட்டால் எனக்குப் பிரச்சினை வராதுதானே? புகார் கொடுத்தால் வேலை போகுமா? பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?” இவைதான் அவர் கேள்விகள்.

தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குடும்பம் ஒரு தட்டு, நியாயம் ஒரு தட்டு என்று தராசு வைத்திருக்கிறீர்கள். பேசாமல் இருந்தால் குடும்பம் காப்பாற்றப்படும் என்று நம்புவதால்தான் அந்தத் தராசு உங்களுக்குச் சரியாகத் தெரிகிறது. நான் முதலில் தொட வேண்டியது அந்த நம்பிக்கையை.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். மகன் உங்களைப் போலவே சூப்பர்வைசர், வேறொரு ஊரில். தொட்டியில் இறங்கிய ஒருவர் மேலே வரவில்லை. மறுநாள் காலை போலீஸ் வந்தபோது முதலாளி ஊரில் இல்லை, மேனேஜர் போனை எடுக்கவில்லை. சம்பவ இடத்தில் நின்ற அந்தப் பையன் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் முதலில் ஏறியது. ஜாமீன் கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. அந்த அம்மா என் மேஜைமேல் ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே மகனின் சம்பளச் சீட்டுகள், வரிசையாக நூல் கட்டி. “என் பையன் ஒழுங்கா வேலை பார்த்தவன்மா” என்பதற்கு அவர் கொண்டுவந்த அத்தாட்சி அது. அதை வைத்து நான் நீதிமன்றத்தில் என்ன செய்ய முடியும்?

அந்த மாதிரி ஒரு மஞ்சள் பையோடு உங்கள் அம்மாவோ மனைவியோ யார் வாசலிலும் நிற்கக் கூடாது. அதனால்தான் சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதே வருடம் டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7ஆவது பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய அமர்த்தக் கூடாது என்கிறது. ‘எந்த நபரும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் மட்டும்தான் சட்டம், தனியார் வளாகத்துக்குள் பொருந்தாது என்று உங்கள் மேனேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ‘மறைமுகமாகவோ’ என்ற சொல், கான்ட்ராக்டர் மேல் கையைக் காட்டித் தப்பிப்பவர்களுக்காகவே போடப்பட்டது.

முதல் முறை மீறினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருடம், ஐந்து லட்சம் வரை போகும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் ஜாமீனில் விட முடியாதவை. அதாவது ஸ்டேஷனிலேயே கையெழுத்து போட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது, நீதிமன்றம்தான் ஜாமீன் தர வேண்டும். நிறுவனம் செய்த குற்றமானால் அதன் பொறுப்பில் இருந்தவர்கள், தெரிந்தே அனுமதித்த மேனேஜர், அதிகாரி எல்லோரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள் என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது.

எஸ்.டி.பி. தொட்டி, செப்டிக் டேங்க் என்ற விளக்கத்துக்குள் வராது என்று ஒரு வக்கீல் வாதிடலாம். நானே எதிர்த்தரப்பில் இருந்தால் அந்த வாதத்தை வைத்துப் பார்ப்பேன். ஆனால் அதை நம்பி யாரையும் இறக்காதீர்கள். அந்த வாதம் எடுபட்டாலும், உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு காத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு வருடமாக இருந்தது. ஆபத்து என்று தெரிந்தே இறக்கியதாக போலீஸ் கருதினால் அதைவிடக் கடுமையான 105ஆவது பிரிவையும் போடுவார்கள். ஐந்து வாரத்துக்கு முன் ஒருவர் மயங்கியதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். இனி ‘தெரியாது’ என்று உங்களால் சொல்ல முடியாது, தம்பி.

இறங்கும் இருவரும் ஒரே காலனியைச் சேர்ந்தவர்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். 2015இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ளவைப்பதை, அதை அனுமதிப்பதையும்கூட, குற்றமாக்கியிருக்கிறது. அதில் முன்ஜாமீனுக்கும் தடை உண்டு.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி என்னை உறுத்தியது. “அவங்களுக்கு இது பழக்கமான வேலைதான் மேடம்.” நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரிகிறது. ஆனால் இது உங்கள் மேனேஜரின் வாக்கியம், உங்கள் பேனாவில் வந்திருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு யாருடைய நுரையீரலுக்கும் பழகுவதில்லை. தொட்டியின் அடியில் வண்டல் அசையாமல் கிடக்கும்வரை அந்த வாயு அதற்குள் அடங்கியிருக்கும். கம்பி விட்டுக் கலக்கும்போது குமிழி குமிழியாக வெளியே வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும், ஏனென்றால் மூக்கு மரத்துவிடுகிறது. ‘இப்போ நாத்தம் குறைஞ்சிடுச்சு’ என்று உள்ளே இருப்பவர் சொன்னால் அதுதான் மிக ஆபத்தான நேரம். அப்புறம் இரண்டு மூன்று மூச்சு போதும். விளக்கைக் கொளுத்திக் கட்டி இறக்கிப் பார்ப்பது எதற்கும் உதவாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

இந்தச் செய்திகளை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். பல நேரம் இறப்பவர் ஒருவராக இருப்பதில்லை. முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாமவர் குதிப்பார், பிறகு மூன்றாமவர். அன்று இரவு கயிறு இடுப்பில் கட்டியிருந்தது நல்ல வேளை. கட்டியிருக்காவிட்டால் யார் குதித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைப் போன்றவர் கை கட்டி நின்றிருக்க மாட்டார்.

‘சொந்தப் பொறுப்பு’ தாள்

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. சட்டம் தடை செய்த காரியத்துக்குப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. என்னைக் கொன்றாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தால் கொலை குற்றமில்லை என்று ஆகிவிடுமா?

மதிப்பில்லை என்றால் போட்டுத்தான் தொலைப்போமே என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக நிரூபிக்கும்: இறங்குவது ஆபத்து என்று கம்பெனிக்கு முன்பே தெரியும், சாட்சிக் கையெழுத்து போட்ட உங்களுக்கும் தெரியும். அரசு வக்கீலுக்கு வேறு ஆவணமே தேவைப்படாது. ஆகவே எந்தக் காரணம் சொன்னாலும் அதில் கையெழுத்து போடாதீர்கள். ‘படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் சார்’ என்று வாங்கி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வெறுமையாகவே திருப்பிக் கொடுங்கள்.

மேனேஜர் பதவியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஒன்பதாயிரம் கூடுதல் என்பது உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பதவி அது. இன்று நீங்கள் சொல்லும் ‘மேனேஜர் சொன்னார், நான் நின்றேன்’ என்ற வாதம் கொஞ்சமாவது எடுபடும். நாளை அதையே உங்களைப் பற்றி இன்னொரு பையன் சொல்லுவான். ஆட்களைத் தொட்டிக்குள் இறக்கும் வழக்கம் நிற்காத வரை அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

மூன்று காரியங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்

உங்கள் தவிப்புக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யாரையும் தொட்டிக்குள் இறக்காமல் இருப்பது, புகார் கொடுப்பது, வேலையை விடுவது – இந்த மூன்றும் உங்கள் மனதில் ஒரே மூட்டையாக இருக்கிறது. இவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, நேரம் வேறு.

முதலாவது, இனி உங்கள் கண் முன்னால் யாரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. இதில் தள்ளிப்போடுவதற்கோ யோசிப்பதற்கோ இடமில்லை, இன்றே செய்ய வேண்டும். நல்ல விஷயம் என்னவென்றால், மூன்றில் மலிவானதும் இதுதான். சண்டை போட வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போதும். மேனேஜருக்கு அனுப்பி, குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் நகல் போடுங்கள். இப்படி எழுதலாம்:

“ஐயா, எஸ்.டி.பி. சேகரிப்புத் தொட்டியில் வண்டல் சேர்ந்து பம்ப் அடைத்துக்கொள்கிறது. ஆட்களை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியும் ஜெட்டிங் இயந்திரமும் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்கள் இறங்குவதற்காகத் தொட்டி மூடியைத் திறக்க என்னால் அனுமதி தர இயலாது.”

குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம், பழைய கதையும் வேண்டாம். வேலை சம்பந்தமான ஒரு கோரிக்கையாக இருக்கட்டும். ஆனால் இந்தத் தேதியிலிருந்து நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வந்துவிடுகிறது. அந்த மின்னஞ்சலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

சங்கச் செயலாளரை எதிரியாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாரி செலவு கூடுதல் என்று மாதக் கூட்டத்தில் முணுமுணுப்பவர்களுக்கு, ஓர் உயிர் போனால் என்ன ஆகும் என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை முப்பது லட்சமாக்கியது. நிரந்தர ஊனம் என்றால் இருபது லட்சத்துக்குக் குறையாமல். 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மனிதர்களை இறக்குவதை நிறுத்த வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட்டது. இதை ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். செலவுக் கணக்கு தானாக மாறும்.

இன்னொன்று. நீங்கள் டிப்ளமோ படித்தவர், எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனாலும் இப்படிப்பட்ட வழக்குகளில் பொறியாளர்களை விசாரித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பம்பில் சுற்றிக்கொள்வது பெரும்பாலும் ஈரத் துடைப்பான், நாப்கின், டயப்பர் எல்லாம்தான். தொட்டிக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பை மேலிருந்தபடியே தினமும் வாரி எடுத்தால் பாதி அடைப்பு வராது. பம்பை வழிகாட்டிக் கம்பியில் மாட்டி, செயின் பிளாக் வைத்து மேலே தூக்கும்படி அமைத்தால் அதை எடுக்க யாரும் உள்ளே போக வேண்டாம். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஹோமோசெப் என்று ஓர் இயந்திரத்தைச் சென்னை ஐஐடியிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். மேனேஜரிடம் ‘முடியாது’ என்று மட்டும் போய் நிற்பதைவிட, ‘இப்படிச் செய்யலாம் சார்’ என்று ஒரு வரைபடத்தோடு போனால் உங்கள் வேலை தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

‘பம்ப் எடுக்க இறங்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது’ என்று அவர் சொல்லக்கூடும். ஆமாம், இருக்கிறது. ஆனால் அந்த விலக்குகூட வாயு சோதனை, பாதுகாப்புக் கவசம், உடன் ஆட்கள், காப்பீடு எல்லாம் இருந்தால்தான். இரவு பத்து மணிக்குக் கயிறும் வாளியுமாக இறங்குவதற்கு எந்த விதியிலும் அனுமதி இல்லை.

புகார்: உங்களுக்கு நாள் குறைவு

இரண்டாவது காரியம் புகார். இது உங்கள் முடிவு, நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் வந்தால்தான் இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். ஐந்து வாரம் போய்விட்டது. ‘ஏப்ரல் வரை பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இந்தக் கதவு மூடிவிடும்.

முறைகேட்டை அம்பலப்படுத்தும் ‘விசில் ஊதுபவர்களுக்கு’ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தவிர, அது அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியது. உங்கள் கம்பெனி விஷயத்தில் அது கைகொடுக்காது. தொழிலாளர் நீதிமன்றத்தையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்பது உண்மை. பாதி நாள் நீங்களே ஸ்பேனர் பிடிப்பவர் என்றால் வாதிட வழி இருக்கிறது. ஆனாலும் வேலை போகாது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். போகலாம். அதற்குத் தயாராக இருந்துதான் புகார் கொடுக்க வேண்டும்.

அதனால் ஒரு வழி. புகார் மனுவில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெஜவாடா வில்சன் வழிநடத்தும் ‘சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்’ என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் பல வருடங்களாக இதே வேலையைச் செய்கிறது. 2014 தீர்ப்பே அவர்கள் போட்ட வழக்கில் வந்ததுதான். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனு அங்கே போகலாம், காவல் நிலையத்துக்கும் போகலாம்.

ஆனால் எந்த மனுவும் கொடுப்பதற்கு முன் ஒரு கிரிமினல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அன்று நீங்களும் அங்கே இருந்தீர்கள். லாக்புக்கில் எழுதாமல் விட்டது நீங்கள்தான். நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் உங்களைச் சாட்சியாகவும் நிறுத்தலாம், வேறு இடத்திலும் நிறுத்தலாம். வார்த்தைகளைப் பார்த்து எழுத வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. உங்களுக்கு எந்த அளவு கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கிய இருவருக்கும் நிச்சயம் உரிமை உண்டு.

வீடியோவை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பும்போது சுருங்கி, எடுத்த நேர விவரங்கள் போய்விடும். எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள், மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குத் தனிச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு அசல் கருவி உதவும். ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடியோவில் மலச் சேற்றோடு மயங்கிக் கிடப்பவருக்கு ஒரு முகம் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்டும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ராஜினாமாவும் கணக்கும்

நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். நீங்கள் போனால் அடுத்த மாதம் வேறொரு சூப்பர்வைசர் மூடியைத் திறப்பார். நடந்த சம்பவத்தின் பொறுப்பும் ராஜினாமாவோடு கரைந்துவிடாது.

பணத்தைப் பற்றியும் பேசுவோம், அது கேவலமான விஷயம் இல்லை. ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று நினைத்திருக்கிறீர்கள். நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனிகள் தகராறு செய்வதுண்டு, ஆனால் கேட்க இடமிருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று எழுதியதை வைத்துப் பார்த்தால் சுமார் 43,000 ரூபாய் வரும். இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் அந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள். மின்னஞ்சலை இன்று அனுப்பிவிட்டு, வேலையில் தொடர்ந்தபடியே வேறு இடத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். எஸ்.டி.பி. ஓட்டத் தெரிந்த டிப்ளமோக்காரருக்கு இந்தச் சாலையில் வேலை கிடைக்காமல் போகாது. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பி.எஃப். விவரம் எல்லாவற்றின் நகலையும் வீட்டில் எடுத்து வையுங்கள். சீட்டுப் பணம் இரண்டு மாதத்தில் வருகிறது என்கிறீர்களே, அதை நகையை மீட்கப் பயன்படுத்தாமல் மூன்று மாதத் தவணைக்கு ஒதுக்குங்கள். நகை வங்கியிலேயே கொஞ்ச நாள் இருக்கட்டும். மனைவியிடம் இதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். கர்ப்பமாக இருப்பவரை வருத்தக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் ஒருநாள் போலீஸ் ஜீப் வந்து அவருக்குச் சொல்வதைவிட இன்று இரவு நீங்கள் சொல்வது நல்லது.

உங்களைத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கச் சொல்ல எனக்கு மனமில்லை. தோளில் அவ்வளவு பாரம் இருப்பவரிடம் ‘வீரனாக இரு’ என்று சொல்வது எளிது, எனக்குச் செலவில்லாதது. அதனால்தான் மின்னஞ்சலை மட்டும் கட்டாயம் என்கிறேன், மற்றவற்றை உங்கள் பலத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அந்த இரண்டு பேர்

1,500 ரூபாய்க்காக அவர்களாகத்தானே வருகிறார்கள் என்கிறீர்கள். லாரி வந்தால் அந்த ஆயிரத்தைந்நூறு அவர்களுக்குப் போய்விடும், அதை மறுக்க முடியாது. ஆகவே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்துக் காப்பீடும் கருவிகளும் தருகிறார்கள், சுத்தம் செய்யும் வண்டி வாங்க மானியமும் உண்டு. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம் இருக்கிறது. கயிறு பிடித்த கையே லாரியின் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். விண்ணப்பம் நிரப்ப ஒருவர் உதவ வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அன்று மயங்கியவரைப் பிறகு பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாயுவை உள்ளிழுத்தவர் எழுந்து டீ குடித்துவிட்டார் என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும், தலைவலியும் மறதியும் நாள்பட நிற்கலாம். அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே சொல்லச் சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அது அவர் உடம்புக்கும் நல்லது, அவர் உரிமைக்கும் ஆதாரம்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். மேனேஜர் பெயர், சங்கச் செயலாளர் பெயர், வங்கிக் கிளையின் பெயர்கூட அதில் இருக்கிறது. இறங்கிய இருவரும் ‘ஒரு ஆள்’, ‘இன்னொரு ஆள்’ என்றே வருகிறார்கள். போய்ப் பார்க்கும்போது பெயரைக் கேளுங்கள். அடுத்த கடிதத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.